பதில் சொல்லாத வேலை: காட்பாடிப் பக்கத்து மாற்றுப் பள்ளியில் இருமொழி வழிகாட்டியாக இரண்டு வருடம்

போன மாதத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேர் "பிள்ளையைச் சேர்க்கலாமா" என்று, மற்ற இரண்டு பேர் "வேலைக்குப் போகலாமா" என்று. ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பள்ளியின் பெயரைப் போடப் போவதில்லை, ஏனென்றால் குறைகளையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன், அந்தக் குறைகள் அந்த ஒரு பள்ளியோடு முடிகிறவையும் இல்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பிள்ளைகளுக்கு நடந்ததை மட்டும் வைத்தால் நாலரை. தமிழை அங்கே எந்த இடத்தில் உட்கார வைத்தார்கள் என்பதுதான் அந்த ஒன்றைக் குறைத்தது, இதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

காட்பாடியில் இருந்து குடியாத்தம் போகிற சாலையில், லத்தேரிக்குக் கொஞ்சம் முன்னாடி உள்ளே திரும்பினால் ஒரு மாந்தோப்பு, அதற்குள் ஓடு போட்ட மூன்று கூடங்கள், ஒரு சமையலறை, ஒரு கைப்பம்பு. ஆறு வயதில் இருந்து பதினாலு வயது வரை நாற்பத்தொரு பிள்ளைகள். மணி அடிக்காது. ஒண்ணாவது ரெண்டாவது என்ற வகுப்புப் பிரிவு கிடையாது. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசுவார்கள், பிறகு அவரவர் அன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு அவரவர் வேகத்தில் கணக்கு, படிப்பு, எழுத்து. சாயங்காலம் வரைக்கும் ஆறு வாரம் ஓடுகிற ஒரு பெரிய வேலை, அதற்குக் குவெஸ்ட் என்று பெயர், பிள்ளைகள் 'தேடல்' என்றுதான் சொல்லுவார்கள். ஆறாவது வாரம் முடிவில் ஊரைக் கூப்பிட்டு வைத்துக் கண்காட்சி. கூடத்தில் இருக்கிற பெரியவர்களுக்கு ஆசிரியர் என்று பெயர் இல்லை, வழிகாட்டி.

இந்தச் சொற்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஜெஃப், லாரா சாண்டிஃபர் தம்பதி 2009-ல் தொடங்கிய ஆக்டன் அகாடமி வழியாகப் பரவியவை. ஆனால் இதை வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போர் காரணமாகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்து பயிற்சி கொடுத்தவர். மதனப்பள்ளிப் பக்கம் ரிஷி வேலியில் சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளும் படிநிலைகளும் வைத்து ஒரு முறை உருவாக்கினார்கள், அதைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது. என் தம்பி அணைக்கட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் அதில்தான் படித்தான். ஒண்ணாவதில் இருந்து நாலாவது வரை பிள்ளைகள் கலந்து பாயில் உட்கார்ந்திருப்பார்கள், கரும்பலகை அவர்கள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கீழே இருக்கும், ஏணிப்படி மாதிரி வரைந்த அட்டவணையில் தான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்து அவனே போய் அடுத்த அட்டையை எடுத்து வருவான். அது முழுக்கத் தமிழில் நடந்தது, காசு இல்லாமல் நடந்தது. குறைகள் இருந்திருக்கலாம், ஆனால் 'நம்ம பிள்ளைங்க தானா படிக்க மாட்டாங்க, நம்ம மொழியில அது வராது' என்று இன்றைக்கு யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் பாயும் அட்டையும்தான் ஞாபகம் வரும்.

சரி, வேலைக்கு வருவோம்.

இருமொழி வழிகாட்டி என்றால் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர். முதல் விதி, பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது, பதிலை நோக்கிப் போகிற இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். பயிற்சியில் இதை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், அதில் வாட், ஒய், ஹவ் எல்லாம் ஒரே மாதிரி இலகுவாகத்தான் விழுகின்றன. தமிழில் முதல் வாரமே எனக்குச் சிக்கல். ஒன்பது வயதுப் பையனிடம் "ஏன் இதை இப்படிப் பண்ண?" என்று மெதுவாகத்தான் கேட்டேன், அவன் நோட்டை மூடிவிட்டு "சாரி அக்கா" என்றான். நம் வீடுகளில் 'ஏன்' என்பது பெரும்பாலும் அதட்டல். ஏன் லேட்டு, ஏன் சிந்தினே, ஏன் மார்க் குறைஞ்சுது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை யோசிக்காது, மன்னிப்புக் கேட்கும். ஒரு மாதம் கழித்து நான் 'ஏன்' என்பதையே விட்டுவிட்டு "இது இப்படின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?", "எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தே?" என்று மாற்றிக்கொண்டேன். பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் எழுதினவர்களுக்கு நம் வீட்டு 'ஏன்' தெரியாது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. காலை வட்டத்தில் ஒரு வழிகாட்டி ஆங்கிலத்தில் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லுவேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வந்து பார்க்கிற பெற்றோர் எல்லாம் பாராட்டுவார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, நான் பேசவில்லை. புதிதாகச் சேர்ந்த எட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறவரைப் பார்க்கவே இல்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் புரிந்தது. எப்படியும் தமிழில் வரப்போகிறது என்று தெரிந்தபின் எந்தப் பிள்ளைதான் ஆங்கிலத்தைக் காது கொடுத்துக் கேட்கும்? அதே நேரம் தமிழிலும் அவர்கள் பேசவில்லை, ஏனென்றால் என் தமிழ் வெறும் எதிரொலி, அதில் கேள்வி பிறக்கவில்லை. மொழிபெயர்த்துக்கொண்டே போகிற முறையில் இரண்டு மொழியும் நஷ்டம் என்று இருமொழிக் கல்வியில் வேலை செய்கிறவர்கள் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள், நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மாற்றச் சொல்லிக் கேட்டேன், இதற்குப் பள்ளியைப் பாராட்ட வேண்டும், ஒரே வாரத்தில் ஒத்துக்கொண்டார்கள். திங்கள், புதன், வெள்ளி வட்டம் முழுக்கத் தமிழில், செவ்வாய், வியாழன் முழுக்க ஆங்கிலத்தில். நடுவில் மொழிபெயர்ப்பு கிடையாது, படம், சைகை, பக்கத்துப் பிள்ளையின் உதவி எல்லாம் உண்டு. முதல் தமிழ்த் திங்கள் அன்றைக்கு வைத்த கேள்வி, வேலூரைப் பற்றிச் சொல்லுவார்களே, மரமில்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று, அதில் எது இன்னும் உண்மை? நாற்பது நிமிடம் ஓடியது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார் என்று ஒரு பெண் சொன்னாள் (எங்கள் சத்துவாச்சாரியில் இருந்துதான் போனார், எனக்கு அதில் தனிப் பெருமை). 2021 நவம்பரில் பாலாற்றில் கரை புரண்டு ஓடியதே, அப்போ அதுவும் பொய்தானே என்றான் இன்னொருவன். "ஒரு வருஷம் வந்தா ஆத்துல தண்ணி இருக்குதுன்னு சொல்லலாமா?" என்று ஏழு வயதுக் குழந்தை கேட்டது. செவ்வாய்க்கிழமை வாயே திறக்காத குழந்தை அது.

இதில் ஒன்றைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 'பதில் சொல்லாதே' என்ற விதியை மொழிக்கும் நீட்டினால் அது கொடுமை. ஒரு பிள்ளை "அக்கா, வெலாசிட்டிக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்கும்போது "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. சொல்லைக் கொடுத்துவிட வேண்டும், யோசனையை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான். திசைவேகம் என்று சொன்னேன். உடனே அவன் "அப்போ திசை மாறினா இதுவும் மாறுமா?" என்றான். பாடமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இருசமபக்க முக்கோணம் என்ற சொல் கைக்கு வந்தால் அதற்கு விளக்கம் தேவையில்லை, ஐசோசிலஸ் என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். இந்தச் சொற்களுக்கு நான் தமிழ்நாடு அரசுப் பாடநூல்களைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றுப் பள்ளி என்று சொல்லிக்கொண்டு அரசுப் பாடநூலை வாங்கி வைக்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கூச்சப்பட வேண்டாம்.

பின்னம் இன்னும் அழகு. கணினியில் வருகிற பாடத்தில் டூ தேர்ட்ஸ் என்று மேலே இருக்கிற எண் முதலில் வரும். தமிழில் 'மூன்றில் இரண்டு', முதலில் மூன்றாக வெட்டு, அப்புறம் இரண்டை எடு. செய்கிற வரிசையிலேயே சொல்லும் இருக்கிறது. மூன்றில் இரண்டு பெரிதா, நான்கில் மூன்று பெரிதா என்று ஒரு வாரமாகக் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பத்து வயதுப் பெண்ணிடம் "தமிழ்ல சத்தமா சொல்லிப் பாரு" என்றேன், அவ்வளவுதான் நான் செய்தது. சொல்லிப் பார்த்துவிட்டு, "மூணுல ரெண்டு எடுத்தா ஒரு துண்டு பாக்கி. நாலுல மூணு எடுத்தாலும் ஒரு துண்டுதான் பாக்கி. ஆனா நாலா வெட்டினா துண்டு சின்னது, அப்போ பாக்கி கம்மி, அப்போ இதுதான் பெருசு" என்றாள். நான் எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் ரெண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். இந்த வேலையில் இப்படி நடக்கிற நாட்களுக்காகவே போகலாம்.

இருமொழி என்று பலகையில் போட்டிருக்கிறார்களே தவிர, வேலூரில் அந்தக் கணக்கு சரிவராது. எங்கள் கூடத்தில் ஒன்பது பிள்ளைகள் வீட்டில் தக்கினி உருது, நாலைந்து பேர் வீட்டுப் பாட்டிகள் தெலுங்கு மட்டும். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் ஒரு தெரு நடந்தாலே வங்காளி, இந்திப் பலகைகள் எல்லாம் வரிசையாக வரும், பிள்ளைகள் இதைப் பார்த்தே வளர்கிறார்கள். தக்கினியில் 'வேண்டாம்' என்பதற்குச் சொல்லுகிற 'நக்கோ' என்பதை எங்கள் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சொல்லுவார்கள், நானும் சொல்லப் பழகிவிட்டேன். பேரணாம்பட்டில் இருந்து வந்த ஒரு பையனுக்குத் தமிழே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. அவனுக்கு நான் தமிழில் சொல்வதை 'தாய்மொழி உதவி' என்று பள்ளிக் குறிப்பில் எழுதியிருந்தார்கள், திருத்தச் சொன்னேன். அவன் பெரும்பாடு பட்டான், நடுவில் ஒரு மாதம் பள்ளிக்கே வரவில்லை. எனக்கு உருது தெரியாதது அங்கே பெரிய குறை. பெரிய பிள்ளைகளில் ஒருத்தி தினமும் அரை மணி அவனோடு உட்கார்ந்ததால்தான் அவன் தேறினான், அதில் என் பங்கு குறைவு.

ஒப்பந்தம் எழுதிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளே கூடத்து விதிகளைப் பேசி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆங்கிலத்தில் 'வீ வில்' என்று தொடங்கி ஏழு வரி, அரை மணியில் முடிந்தது. தமிழிலும் ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தோம். 'நாங்கள் ஒருவர் பேசும்போது குறுக்கே பேச மாட்டோம்' என்று ஒரு பையன் எழுத, பக்கத்தில் இருந்தவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "நாங்கள்னா நாம மட்டும்தானே. அக்கா, அண்ணாங்க எல்லாம் குறுக்கே பேசலாமா?" ஆங்கில 'வீ'-யில் இந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லில் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாது. தமிழில் ஒளிய முடியாது, நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே, நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. ஒரு முழுக் காலை இதற்கே போனது. நாலாவது வரி, கூடத்தில் போன் பார்க்கக் கூடாது என்பது, அது வந்தபோது பெரியவர்களாகிய எங்கள் முகம் எல்லாம் மாறியது. கடைசியில் ஓட்டெடுப்பு நடந்து எல்லா வரியும் 'நாம்' ஆனது, நாங்களும் கையெழுத்துப் போட்டோம், அதற்கப்புறம் நான் கூடத்துக்குள் போனை எடுத்ததில்லை. பிள்ளைகள்தான் பள்ளியை நடத்துகிறார்கள் என்று துண்டுப் பிரசுரத்தில் போடுவது சுலபம், அன்றைக்குத்தான் அது நிஜமாக நடந்தது.

இனி குறை. முதல் வருடத்தின் பெரிய தேடல் பாலாறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் கடந்து நம் பக்கம் வருகிற ஆறு, 1892-ல் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் போட்ட ஒப்பந்தம், தோல் கழிவு, இதையெல்லாம் பெரிய பிள்ளைகள் ஆறு வாரம் தோண்டினார்கள். தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு வேலூர் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பதிமூன்று வயதுப் பிள்ளைகள் அந்த ஆங்கிலத் தீர்ப்பை அகராதி வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் படித்தார்கள், நான் சொல் மட்டும் கொடுத்தேன். ஒரு பையனின் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. "கம்பெனியை மூடிட்டா எங்க அப்பா என்ன பண்ணுவாரு?" என்று அவன் வட்டத்தில் கேட்டபோது யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. அந்தக் கேள்வி ஒரு வாரம் கூடத்திலேயே இருந்தது, யாரும் அதை மூடி வைக்க முயலவில்லை. அங்கே நான் பார்த்ததில் மிகச் சிறந்த வாரம் அதுதான்.

அப்புறம் வாலாஜாவைத் தாண்டி ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குப் போய்க் கிணற்றுக்காரர்களிடம் பேசினார்கள். ஒரு பெரியவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலம், குரோம் வந்த காலம், தென்னை இலை கருகினது, தன் கிணறு எத்தனை அடி, எந்த வருடத்தில் தண்ணீரில் நுரை வந்தது, மாடு எப்போது குடிக்க மறுத்தது. பிள்ளைகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டார்கள்.

கண்காட்சிக்கு அவரைக் கூப்பிட்டிருந்தோம், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பேரனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கண்காட்சி முழுக்க ஆங்கிலத்தில். அட்டைகள் ஆங்கிலம், பேச்சு ஆங்கிலம். பெற்றோர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நிர்வாகம் முன்பே சொல்லிவிட்டது, நானும் அப்போது போதிய அளவு வாதாடவில்லை. பிள்ளைகள் அருமையாகப் பேசினார்கள், கைதட்டல் எல்லாம் கிடைத்தது. முடிந்தபின் அந்தப் பெண், பின்னம் சொன்னாளே அவளுடைய அக்கா, பெரியவரிடம் போய் அவர் கிணற்றைப் பற்றிய அட்டையைத் தமிழில் படித்துச் சொன்னாள். அவர் நடுவில் நிறுத்தினார். "அறுபது மீட்டரா? நான் அடின்னு இல்ல சொன்னேன் பாப்பா." நோட்டில் 60 என்று மட்டும் இருந்திருக்கிறது, ஆங்கிலத்தில் அட்டை எழுதும்போது யாரோ மீட்டர் சேர்த்துவிட்டார்கள். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்று வரைபடமே போட்டிருந்தார்கள். முழு வரைபடமும் தப்பு. எண்பது பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே மனிதருக்குப் புரியாத மொழியில் அது இருந்தது.

கண்காட்சி எதற்கு? பிள்ளை செய்த வேலையை விவரம் தெரிந்தவர் பார்த்து, தப்பு இருந்தால் சொல்ல வேண்டும் என்பதற்கு. பரீட்சை இல்லாத பள்ளியில் அதுதான் பரீட்சை. அந்த இடத்தில் பார்க்கிறவரின் மொழியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆண்டு விழா மேடைதான். நிர்வாகத்திடம் இதை எழுதிக் கொடுத்தேன், பேசினேன், சில சமயம் குரலும் உயர்ந்தது. "இங்கிலீஷுக்காகத்தானே பீஸ் கட்டுறாங்க" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த பதில். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், ஆங்கிலம் இல்லாமல் அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும், என் அப்பாவும் அப்படித்தான். பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்தால் தெரியும், விழுந்து அடிபட்ட பிள்ளையைத் தேற்ற, சண்டையை விலக்க, சாப்பிடக் கூப்பிட எல்லாம் தமிழ், காட்டுவதற்கும் பாராட்டுவதற்கும் ஆங்கிலம். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். "இது முக்கியமா அக்கா, இல்ல தமிழ்லயே எழுதிக்கலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தக அலமாரியும் அப்படித்தான் இருந்தது, நாலு தட்டு ஆங்கிலம், அரைத் தட்டு தமிழ், அதிலும் பாதி நீதிக்கதை. துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்கள் கொஞ்சம் வாங்க வைத்தேன், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அதில் இருந்து அச்செடுத்துத் தைத்து வைத்தோம். பிள்ளைகள் அதில் தாங்களே கதையை மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள், அது நன்றாகவே போனது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குத் தமிழில் அறிவியல், வரலாறு என்று தேடினால்தான் திண்டாட்டம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு. கையில் 17,000 வந்தது, பி.எட். கேட்கவில்லை. எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும், நாலரைக்குப் பிள்ளைகள் போனபின் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பு எழுதி முடிக்க ஆறு ஆகும். சத்துவாச்சாரியில் இருந்து எனக்கு இரண்டு பஸ். ஏப்ரல், மே வெயிலில் அந்த ஓட்டுக் கூடம் தாங்காது, மாமரத்தடிக்குத்தான் போக வேண்டும். நாள் முழுக்கப் பதில் தெரிந்தும் வாயை அடக்குவது உடம்பை அலுப்பாக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் நான் ஒரு வேலையும் செய்யவில்லை என்ற எண்ணம்தான் வீட்டுக்குக் கூட வரும். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுவார்கள், பிள்ளைகளுக்கு வாய் வராது, அக்கா, அண்ணா என்றுதான் நிற்கும், அப்படியே விட்டுவிடுங்கள்.

பிள்ளையைச் சேர்க்கிறவர்களுக்குச் சான்றிதழ் விஷயம் முக்கியம். இந்த மாதிரி இடங்களில் பலவற்றில் பத்தாவதைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். வழியாக எழுத வைக்கிறார்கள், பதினாலு வயது நிரம்பியிருக்க வேண்டும், அதில் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். நடுவில் மாற நினைத்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதுகிற வழியும் உண்டு. பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா, எந்த வாரியம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். 2006-ல் வந்த தமிழ் கற்பித்தல் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயப் பாடம், வழக்கமான பள்ளிக்குத் திரும்பினால் அங்கே எட்டாவது, ஒன்பதாவது தமிழ்ப் புத்தகம் உங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்கும். தமிழில் எழுதிப் பழகாத இரண்டு பிள்ளைகள் அப்படித் திரும்பிப் போய்க் கஷ்டப்பட்டதைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தொடங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முதல் வருடம் வீணாகப் போகலாம். அதைப் பள்ளி சீக்கிரம் ஒத்துக்கொள்ளாது.

போகும் முன் ஒரு நாள் காலை வட்டத்தில் உட்கார அனுமதி கேளுங்கள், கொடுக்கிறார்கள். எந்த மொழியில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

இரண்டாவது வருடக் கடைசிக் கண்காட்சியில் ஒரு பாதி வழிக்கு வந்தார்கள். ஒவ்வொரு அட்டையும் இரண்டு மொழியில், பேச்சு எந்த மொழியில் என்று முன்னால் நிற்கிறவரைப் பார்த்துப் பிள்ளையே முடிவு செய்யலாம். முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் தமிழில் பேசினார்கள், நான் எண்ணினேன். திருத்திய கிணற்று வரைபடத்தை மறுபடி வைத்திருந்தார்கள், பெரியவர் அதன் முன்னால் நின்று இன்னும் இரண்டு இடத்தில் வருடத்தை மாற்றச் சொன்னார்.

வீட்டுச் சூழலால் ஜூனில் விலகிவிட்டேன், கோபம் எதுவும் இல்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், ஆள் தேடுகிறார்கள். நேர்காணலுக்குப் போகிறவர்கள் பெரிய கூடத்தில் வலது பக்கச் சுவரைப் பாருங்கள், தமிழ் ஒப்பந்தம் ஒட்டியிருக்கும், வரிக்கு வரி 'நாங்கள்' அடிக்கப்பட்டு மேலே 'நாம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அது என்ன என்று அங்கே இருக்கிற எந்தப் பிள்ளையிடமாவது கேளுங்கள், உட்கார வைத்துச் சொல்லுவார்கள்.